முந்நூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

"நாப்பத்தொண்ணாம் மாடத்துல இருக்கறது எங்க அண்ணன்!"

"உங்க அண்ணனா? அப்ப அம்பத்திரண்டு வருஷமா நான் யாருக்குப் பூ வெச்சேன்? உன் வீட்டுக் கழுதைக்கா?"

"அதை நீங்கதான் சொல்லணும். யாருக்கு வெக்கறோம்னு தெரிஞ்சுதானே வெச்சீங்க?"

"வாயை அளந்து பேசுடி. எங்கிருந்தோ பஸ் ஏறி வந்துட்டு என் புருஷனைத் தூக்கிட்டுப் போறேங்கற."

"உங்க புருஷனை யாரு கேட்டா? அவரை நீங்களே வெச்சுக்குங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு முதல்ல சொல்லுங்க!"

கையில் இரண்டு கிளாஸ் சூடான கீன்வா தானியக் கஞ்சியோடு நான் கதவருகே நின்றுவிட்டேன். முதலில் பேசியது யாரோ தெரியாத பெண். பதில் சொன்னது என் அம்மா மெல்ச்சோரா. வரிசையில் உட்கார வைத்துவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கஞ்சி வாங்கத்தான் வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் இவ்வளவு ஆகிவிட்டது.

இது நடந்தது ஒரு புதன்கிழமை காலை. இடம் எங்கள் மலைச் சுரங்க ஊரான கோல்பாமார்க்காவின் பழைய தொழிலாளர் யூனியன் மண்டபம். இப்போது அதில்தான் கல்லறை மாற்றும் அலுவலகம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கான இந்த இணையப் பக்கத்தைப் படிக்கிற பலர் ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அதனால் சொல்கிறேன், சுரங்கக் கம்பெனி தோண்டுகிற பெருங்குழி இப்போது கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. நம் ஊரில் யாரும் ஆண்டு சொல்லிக் காலத்தை அளப்பதில்லை. ஸ்டேஷன் இருந்தபோது, சந்தை போன பிறகு, கோயில் மணியை இறக்கிய வருஷம், பந்து மைதானம் சரிந்த வருஷம், இப்படித்தான் சொல்லுவோம். குழி எதை எப்போது தின்றது என்பதுதான் நமக்கு நாள்காட்டி. கடைசியாக மிச்சம் இருந்தது செத்தவர்கள்தான்.

புது ஊர் ஒன்பது கிலோமீட்டர் கீழே. தெருக்களுக்குப் பேர் இல்லை, எழுத்துதான். எங்களுக்கு ஒதுக்கியது எஃப் தெரு வீடு, அப்போது இன்னும் குடிபோகவில்லை. அங்கே புதுக் கல்லறைச் சுவர் கட்டி, பழைய சுவரில் இருப்பது போலவே சவப்பெட்டி வைக்கிற மாடங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் வந்து, இது எங்கள் ஆள் என்று கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை நாலு மணி கடைசி. யாரும் கேட்காதவர்களும், இரண்டு பேர் உரிமை கேட்டுத் தகராறு ஆனவர்களும் பொதுக்குழிக்குப் போவார்கள். பெயர் கிடையாது. பிறகு கேட்டாலும் எடுத்துத் தர மாட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஜினியரம்மா பாலோமினோவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அழுகை வருகிற முகத்தோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, சண்டை போடாதீங்க. பட்டியல்ல தெயோஃபனெஸ் கயூப்பேன்னு இருக்கு. எழுபத்திமூணு, பிப்ரவரி ரெண்டு. சுரங்க விபத்து. நீங்க அவரோட மனைவி. சரி." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"செனோபியா அத்தென்சியோ. உள்ள இருக்கறது நெமேசியோ அத்தென்சியோ. எங்க அண்ணன்."

"அந்தப் பேர் பட்டியல்லயே இல்லையே."

"இருக்காது. டோக்கன் வேற ஒருத்தர் பேர்லதானே இருந்துச்சு."

டோக்கன் என்ற வார்த்தை வந்ததும் வரிசையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

செனோபியா பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நேராக என்னிடம் நீட்டினாள். "நீதான் பொண்ணா? மூக்கைப் பார்த்தாலே தெரியுது. இந்தா, பாரு."

ஒரு வாக்காளர் அட்டையின் நகல் அது. பெயர் நெமேசியோ அத்தென்சியோ. கடற்கரையில் நாஸ்கா பக்கம் ஒரு ஊரில் 1984-ல் எடுத்தது. படத்தில் முப்பத்தைந்து நாற்பது வயது ஆள், முன் தலையில் முடி குறைந்து, மூக்கு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. காலையில் கண்ணாடியில் நான் பார்க்கிற மூக்கு.

என்னிடம் அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கல்யாணப் படம். தொப்பி நிழலில் பாதி முகம் இருட்டு. அவர் செத்து நாலு மாதம் கழித்துத்தான் நான் பிறந்தேன். செத்துப் பதினொரு வருஷம் ஆன ஆளுக்கு முன் தலையில் முடி எப்படிக் கொட்டும்?

"வயலை எங்க பேருக்கு மாத்தப் போனேன்," என்றாள் செனோபியா. "கிளார்க்கு கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, உங்க அண்ணன் கடற்கரைப் பக்கம் ஓட்டு அட்டை வாங்கியிருக்காரேங்கறான். எனக்குக் கால் தரையில நிக்கல. படத்தைக் காட்டினான். இது அண்ணன் இல்ல. ஆனா தெரிஞ்ச முகம். எங்க வீட்டுக்கு உருளைக்கிழங்கு தோண்ட அண்ணன் கூட வந்தவர். எங்கம்மா கையால சூப் குடிச்சவர். தெயோஃபனெஸ். இங்க வந்து கேட்டா, அண்ணன் காணாமப் போன அதே மாசம் இவர் சுரங்கத்துல செத்துட்டாருங்கறாங்க; இவர் டோக்கன்ல அண்ணன் இறங்குவான்னு எனக்குத் தெரியும்."

அம்மா எழுந்தாள். "ஃபிதேலியா, வீட்டுக்குப் போலாம். அந்தத் தாளைக் கொடுத்துட்டு வா."

நான் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கஞ்சி இரண்டு கிளாஸும் மண்டபத்துத் திண்டிலேயே ஆறிப்போயிருக்கும்.

வீட்டில் எனக்கு உட்கார முடியவில்லை. நான் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு மேல்சட்டை தைக்கிறவள். ஒளிரும் பட்டையை வைத்துத் தைத்தால் கோணலாகப் போனது. பிரித்தேன். மறுபடியும் கோணல். மெஷினை மூடிவிட்டுக் கிரிசோஸ்தமோ மாமா வீட்டுக்கு நடந்தேன்.

கிரிசோஸ்தமோ ரிக்கால்டி சுரங்க காலத்தில் விளக்கறைக்காரர். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் விளக்கும் எண் போட்ட பித்தளை டோக்கனும் கொடுத்து, வெளியே வந்ததும் வாங்கி மாட்டுவது அவர் வேலை. குழியின் வேலிக்குப் பக்கத்தில் மிச்சம் இருக்கிற ஒரே வீடு அவருடையது. சுவர் விரிசல் மேல் கம்பெனிக்காரர்கள் கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறார்கள், விரிசல் பெரிதானால் கண்ணாடி உடையுமாம். ஏழு கண்ணாடியில் ஐந்து உடைந்திருந்தது. பழைய டோக்கன் பலகையை அடுப்படியில் மாட்டி, ஆணிகளில் டீக் கப்புகளைத் தொங்கவிட்டிருந்தார். நடுநடுவே சில டோக்கன்களும் தொங்கின.

"யாரு, தையக்காரியா? கால்சட்டைக்கு அளவெடுக்க வந்தியா? இடுப்பு சுருங்கிப் போச்சு, துணி மிச்சமாகும்."

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம்."

"எழுபத்திமூணு பிப்ரவரி ரெண்டு. அப்பாவோட டோக்கன், முந்நூத்திப் பதினெட்டை, யார் கையில கொடுத்தீங்க?"

வாயில் மென்றுகொண்டிருந்த கோக்கா இலையை அப்படியே கன்னத்தில் ஒதுக்கினார். "உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"நெமேசியோ தங்கச்சி வந்திருக்கா."

"அந்தக் குட்டிப் பொண்ணா? பின்னல் போட்டுக்கிட்டு..."

"அறுபத்தாறு வயசு மாமா."

"ஆமா. எல்லாருக்கும் ஆகும்." கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்களா?"

"யாரும் இழுக்க மாட்டாங்க. அந்தப் பழைய கம்பெனியே போயிடுச்சு, இப்ப குழி தோண்டறது வேற ஆளுங்க."

"கம்பெனி போகும், போலீஸ் போகாதே!" என்று சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. குழியில் மூணு மணி வெடி. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. மாமா கையை விரித்துப் பலகை மேல் வைத்து டோக்கன்கள் கிணுகிணுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தினமும் இரண்டு தடவை இப்படித்தான் செய்கிறாராம்.

அவர் சொன்னதை நான் கோர்வையாக எழுதுகிறேன். அந்த நாளில் மாதத்தில் மூன்று ஷிஃப்ட் தவறினால் கம்பெனி குடியிருப்பில் வீடு போய்விடும். காய்ச்சலோ, ஊர்த் திருவிழாவோ, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். அதனால் ஆண்கள் ஒருவர் டோக்கனில் இன்னொருவர் இறங்குவார்கள். ஸ்ட்ரைக்கில் வேலை போனவர்களுக்கு அதுதான் பிழைப்பு. கம்பெனிப் புத்தகத்தில் பேர் இல்லாமல், யார் வீட்டிலாவது சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு, யார் டோக்கனிலாவது இறங்குவார்கள். 'நிழல்' என்று பேர் அவர்களுக்கு. மேஸ்திரிகளுக்கும் தெரியும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போய்விட்டால் டோக்கன் யாருடையதோ அவன் பெயர்தான் உன் பெயர். கூட வேலை செய்கிறவனும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். கம்பெனி ஆள் காதில் தப்பான பெயர் விழுந்தால் இரண்டு வீடு காலி. அந்தப் பழக்கம் நாக்கில் அப்படி ஊறியிருந்தது.

"அன்னிக்கு அறுநூறாவது மட்டத்துல கூரை இறங்கிச்சு," என்றார் மாமா. "வெளிய ஓடி வந்தவங்க கத்தறாங்க, தெயோஃபனெஸ் உள்ள மாட்டிக்கிட்டான், தெயோஃபனெஸ் உள்ள மாட்டிக்கிட்டான்னு. நானும் எழுதினேன். கம்பெனி ஆபீசரும் எழுதினான். முகம் இல்ல பிள்ள... பெட்டியை மூடித்தான் கொடுத்தாங்க. டோக்கன்தான் சாட்சி. சாயங்காலம்தான் எங்களுக்கே உறைச்சுது, அடப்பாவிகளா, தெயோஃபனெஸ் ஊர்ல ஆடிக்கிட்டிருக்கான், செத்தது நெமேசியோன்னு. அதுக்குள்ள பேப்பர்ல கையெழுத்து ஆயிடுச்சு."

"அப்பா எங்க ஆடினார்?"

"அவங்க ஊர்ல, கந்தெலாரியா மாதா திருவிழா. மூணு வருஷம் ஆடறேன்னு வேண்டுதல். அது மூணாவது வருஷம். மேஸ்திரி லீவு கொடுக்கல. உங்க வீட்டு அடுப்படியில படுத்திருந்த நெமேசியோ, நீ போய் ஆடு, நான் இறங்கறேன்னான்."

இலைப் பையை என் பக்கம் நீட்டினார். "மெல்லறியா? உங்கப்பனை மாதிரி மூஞ்சிய சுளிக்காத. அவன் இலையே தொட மாட்டான், சுண்ணாம்பு நாக்கைப் பொத்துதும்பான். ஷிஃப்ட் முழுக்க மிட்டாய் சப்புவான். நாங்க பாப்பான்னு கூப்பிடுவோம்."

அந்த இடத்தில்தான் எனக்கு அம்மா வைக்கிற தட்டு நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் நவம்பரில், ஆத்மாக்கள் திருநாளுக்கு, அம்மா நாற்பத்தொன்றாம் மாடத்தில் ஒரு தட்டு வைப்பாள். வறுத்த சோளம், உப்புப் போடாத பாலாடைக்கட்டி, ஒரு கைப்பிடி கோக்கா இலை, சுண்ணாம்பு. கூடவே ஒரு பொட்டலம் மிட்டாயும் வாங்குவாள். ஆனால் அதை மாடத்தில் வைக்க மாட்டாள். என் கையில் கொடுத்துத் தின்னச் சொல்லுவாள்.

அம்மாவுக்குத் தெரியும். முதல் வருஷத்திலிருந்தே தெரியும்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பஸ் நிலையம் வரை போனேன், திரும்பினேன், பழைய மருத்துவமனை வரை போனேன், மறுபடி திரும்பினேன். எங்கே போனாலும் கொஞ்ச தூரத்தில் வேலி வந்துவிடுகிறது. மறுநாள் காலையில்தான் வாய் திறந்தேன். அம்மா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா இலை மெல்லுவாரா?"

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். "கிரிசோஸ்தமோவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அப்பா திரும்பி வந்ததும் ஆளுங்க எல்லாம் சேர்ந்து துரத்திட்டாங்கன்னு சொன்னார்."

"பொய். அந்த மனுஷன் என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றான்." அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான்தான் போகச் சொன்னேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மூணாம் நாள் காலையில வந்தாரு. முன் ரூம்ல சவப்பெட்டி. வெளிய கம்பெனி ஆள், பாதிரியார், எல்லாரும். இவரு பின் பக்கமா வர்றாரு, ஆடின துணியோட, கால்ல சலங்கையோட. ரெண்டு நாள் நடந்து வந்திருக்காரு, கழட்டக்கூட இல்ல. சத்தம் கேட்டுடுமேன்னு நான் குனிஞ்சு ஒரு கால்ல இருந்து அவுத்தேன். இன்னொண்ணு முடிச்சு அவுக்க வரல. வயிறு தடுக்குது, நீ உள்ள. அப்படியே கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவர் வெளிய வந்தா ஜெயில். வேலை போச்சு. வீடு போச்சு. நாப்பது வீட்ல நிழல் ஆளுங்க இருந்தாங்க, எல்லாரையும் கிளறுவாங்க. நெமேசியோ பேரு புத்தகத்துலயே இல்ல, அவனுக்காகக் கம்பெனி ஒரு சல்லிக்காசு தராது, செத்தது என் புருஷன்னா வீடாவது நிக்கும். வெளிய பனி கொட்டுது. நான் சொன்னேன், நெமேசியோவோட துணி மூட்டையில அவன் அடையாளச் சீட்டு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போயிடுன்னு. அவர் அழுதாரு. நெமேசியோவை ஒரு தடவை பாக்கறேன்னாரு. பெட்டியைத் திறக்க முடியாதுன்னேன். போயிட்டாரு."

"திரும்பி வரவே இல்லையா?"

"ஒரு வருஷம் கழிச்சு ஆள் அனுப்பறேன்னாரு. ஒரு டின் மிட்டாய் வந்துச்சு. பேர் கிடையாது, ஊர் கிடையாது. மேல கப்பல் படம். அவ்வளவுதான். நான் கடுதாசி போட ஒரு விலாசம் இல்லையேடி."

கப்பல் படம் போட்ட டின் எனக்குத் தெரியும். பொத்தான் போட்டு வைக்கக் கேட்டதற்குத் தர மாட்டேன் என்று பத்து வயதில் அம்மா என்னை அடித்தது அந்த டின்னுக்காகத்தான். அம்மா எழுந்து போய் அதை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே தோல் பட்டையில் கோத்த சலங்கை, ஒரு காலுக்கு மட்டும். கோவேறு கழுதைச் சலங்கை என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"நெமேசியோ வீட்டுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"அவன் கடற்கரைக்கு வேலை தேடிப் போயிட்டான்னு ஆளுங்க சொல்லியனுப்பினாங்க. நான் தடுக்கல." தட்டைச் சுற்றப் போனாள், தாள் கிழிந்தது. "நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு... நாள் ஓடிப்போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அம்மாவிடம், நீ நெமேசியோவைப் பொதுக்குழிக்கு அனுப்பினாலும் அனுப்புவே, உண்மையை மட்டும் சொல்ல மாட்டே என்று கத்தினேன். அன்று முழுவதும் நாங்கள் இருவரும் ஒரே அறையில் பெட்டி கட்டினோம், ஒரு பேச்சும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது அம்மா நல்ல பாவாடையும் கறுப்புச் சால்வையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "அந்தப் பொண்ணு எந்த லாட்ஜ்ல இருக்கா?"

பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற லாட்ஜ். செனோபியா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழவில்லை.

"வாங்க அக்கா. இன்னிக்கு எந்தக் கழுதையைப் பத்திப் பேசலாம்?"

அம்மா நின்றபடியே சொன்னாள். "உள்ள இருக்கறது உங்க அண்ணன்தான்."

செனோபியா டீயைக் கீழே வைத்தாள். வெளியே லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எங்கம்மா," என்று ஆரம்பித்தாள். கையில் ஒட்டின ரொட்டித் துகளைத் தட்டினாள். "எங்கம்மா சாகற வரைக்கும் கடற்கரைப் பக்கத்துல இருந்து எந்த பஸ் வந்தாலும் ரோட்டுக்கு ஓடுவா. இறங்கறவங்க முகத்தை ஒவ்வொண்ணா பாப்பா. ஊரே சிரிக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தா அழுது முடிச்சிருப்பாளே."

"ஆமா," என்றாள் அம்மா.

"ஆமாவா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது? செஞ்சது நான். வருஷா வருஷம் தட்டு வெச்சேன். சோளம், இலை, உப்பில்லாத பாலாடைக்கட்டி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல."

செனோபியா நிமிர்ந்தாள். "உப்பில்லாததுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"எட்டு மாசம் என் அடுப்படியில சாப்பிட்டவன். உப்புப் போட்டா துப்புவான். என்னை வேற திட்டுவான், கடல் தண்ணியில ஆக்கினியான்னு."

செனோபியாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகை ஆனது. முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் உங்களை மன்னிக்கல. அது வேற. தட்டு வெச்சீங்களே, அதுக்காக உங்க கூட மண்டபத்துக்கு வர்றேன்."

மண்டபத்தில் இன்ஜினியரம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னோம். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பினா போதாது. திறக்கும்போது ஏதாவது அடையாளம் இருந்தா, நீங்க ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டா, பேரை மாத்தி எழுத முடியும். இல்லேன்னா தகராறுக் கணக்குதான்."

தகராறுக் கணக்கு என்றால் பொதுக்குழி. சனிக்கிழமை நாலு மணிக்குள்.

"இடுப்புக் கச்சை கட்டியிருப்பான்," என்றாள் செனோபியா. "பாறை தூக்கறவங்க கட்டுவாங்களே, அது. நான் நெய்தது. பதினாலு வயசுல, முதல் முதலா நெய்தது. சிவப்புல வாத்து வரிசை. ஒரு வாத்து தலைகீழா இருக்கும். தப்பா நெய்துட்டேன். அண்ணன் பிரிக்க விடல, அது தண்ணிக்குள்ள மீன் பிடிக்குதுன்னான்."

சனிக்கிழமை காலை பத்தரை. முகமூடி போட்ட நாலு பேர், சுகாதாரத்துறை ஆள் ஒருத்தர், இன்ஜினியரம்மா, நாங்கள் மூவர். கிரிசோஸ்தமோ மாமாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து தூரமாக நின்றார். மாடத்துக் கல்லை எடுத்தார்கள். அப்பா பெயர் செதுக்கின கல். அதைச் சுவரில் சாய்த்து வைத்தபோது எனக்கு யாரையோ வீட்டை விட்டு வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. பெட்டி பாதி உளுத்திருந்தது. நம் ஊர்க் குளிரும் காற்றும் எதையும் சீக்கிரம் அழிய விடுவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

நான் முழுசாகப் பார்க்கவில்லை. எலும்பும் துணியும் ஒட்டிக் கிடந்தன என்பது மட்டும் தெரிந்தது. சுகாதாரத்துறை ஆள் கையுறையோடு ஏதோ ஒன்றை மெல்லத் தூக்கிப் பிரஷால் தட்டினார். தூசி பறந்தது. அடியில் சிவப்பு.

செனோபியா கிட்டே போனாள். அவர் தடுத்தார், அவள் கேட்கவில்லை. விரலால் தொடாமல், ஒவ்வொரு வாத்தாக எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்று, பன்னிரண்டு. நின்றாள்.

"இதோ," என்றாள். "மீன் பிடிக்குது."

அந்த நேரத்தில் பதினொரு மணி வெடி வெடித்தது. சுவர் ஆடியது. யாரும் தலையைக் குனியவில்லை. மாமா மட்டும் பழக்கத்தில் கையை விரித்துக் காற்றை அழுத்திப் பிடித்தார்.

தாளில் இறந்தவருக்கு உறவு என்று ஒரு இடம் இருந்தது. செனோபியா தங்கை என்று எழுதினாள். அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "என்னன்னு எழுதறது?" என்று இன்ஜினியரம்மாவைக் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுல சாப்பிட்டவன்னு எழுது," என்றாள். அந்தப் பெண் அப்படியே எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

செனோபியா அண்ணனைப் புது ஊருக்கு விடவில்லை. தகரப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள், மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோனாள். ஏறும்போது அம்மாவிடம், "நவம்பர்ல வேணும்னா வாங்க. தட்டு உங்க கையால வையுங்க. பேச மாட்டேன், ஆனா கதவை மூட மாட்டேன்," என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது ஊர் நடுவில் கம்பெனிக்காரர்கள் ஊர் வரலாற்றைக் கல்லில் எழுதி வைக்கிறார்கள். சுரங்கத்தில் செத்த இருநூற்றுச் சொச்சம் பேர் பட்டியல். அதில் அப்பா பெயரை எடுத்துவிட்டு நெமேசியோ பெயரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் எத்தனை பெயர் டோக்கன் பெயரோ தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது நிழலாக இறங்கியிருந்தால், அல்லது 'கடற்கரைக்குப் போய்விட்டான்' என்று சொல்லப்பட்டிருந்தால், கேட்டுப் பாருங்கள்.

புதுச் சுவரில் அம்மா இரண்டு பேருக்கான மாடம் வாங்கியிருக்கிறாள். ஒரு பாதி இப்போது காலி. கல் செதுக்குகிறவர் நவம்பருக்குள் என்ன எழுதுவது என்று கேட்கிறார். அம்மா, "உயிரோட இருக்காரோ என்னவோ, பேரை எழுதாத," என்கிறாள். அடுத்த நாள், "செத்திருந்தா எந்தக் குழியில எந்தப் பேர்ல கிடக்கறாரோ," என்கிறாள். ராத்திரியும் பகலும் இதே பேச்சு. எழுபத்து நாலு வயது. என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கும் மெஷினில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்குகிற வயதானவர்களின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். நாஸ்கா பக்கம், மார்க்கோனா இரும்புச் சுரங்கம், அரெக்கிப்பா, கடற்கரைத் துறைமுகங்கள் என்று எங்கே இருந்தாலும் சரி. 1973-க்குப் பிறகு வந்த நெமேசியோ அத்தென்சியோ என்ற மலைநாட்டு ஆளை உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ தெரியுமா? மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கோக்கா இலை மெல்ல மாட்டார், மிட்டாய் சப்புவார். பிப்ரவரி இரண்டாம் தேதி வந்தால் ஒருவேளை யாரிடமும் பேசாமல் இருந்திருப்பார். அவர் சாமான்களில் ஒற்றைக் கால் சலங்கை ஒன்று இருந்திருக்கும். அதன் ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது.

அவருக்கு அங்கே வேறு மனைவி, பிள்ளைகள் இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும். தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழேயே பதில் எழுதுங்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

ஃபிதேலியா கயூப்பே, எஃப் தெரு, புது கோல்பாமார்க்கா